தோற்கும் கோச்சுக்கு இரங்கலாமா? இரக்கம் ஒரு கணக்கு, அவகாசம் இன்னொரு கணக்கு

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்க்கிறவர்களிடம் செப்டம்பர் பாதியில் தொடங்கி நவம்பர் முடியும்வரை ஒரே கேள்வி சுற்றிச் சுற்றி வரும். (நம்மூர்க் கால்பந்து இல்லை, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டை வடிவப் பந்துக்காக மோதிக்கொள்கிற ஆட்டம்.) நம்ம கோச் தோற்றுக்கொண்டே இருக்கிறார், ஆனால் ஆள் தங்கமானவர், இந்தக் கல்லூரியிலேயே விளையாடியவர். பாவம் என்று விட்டுவிடுவதா, கிளம்பச் சொல்வதா? டெக்சாஸிலோ மிச்சிகனிலோ படிக்கப் போய், அங்கேயே வேலை தேடிக்கொண்டு, சனிக்கிழமை முழுக்க டிவி முன்னால் உட்காரப் பழகிவிட்ட தமிழர்களும் இதில் மாட்டிக்கொண்டு முழிப்பதுண்டு.

கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. அதில் இரண்டு முடிவுகளை ஒரே கயிற்றில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அந்த மனிதர்மேல் இரக்கப்படுவது ஒன்று. அவருக்கு இன்னொரு சீசன் கொடுப்பது வேறொன்று. இரக்கம் காசு கேட்காது. அவகாசம் கேட்கும், அதுவும் இப்போதெல்லாம் கோடிக்கணக்கில் கேட்கும். இரண்டையும் பிரித்துப் போட்டால் நான்கு வழிகள் கிடைக்கின்றன. எந்த நிலைமைக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதற்கு முன் அளவுகோல்களைச் சொல்லிவிடலாம்.

## எதை வைத்து அளப்பது

கையில் வந்தது என்ன. சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணியை விதிமீறலுக்காக என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) 1987-ல் மூடியே விட்டது. 1989-ல் மறுபடி தொடங்கியபோது பொறுப்பேற்றவர் அதே கல்லூரியின் பழைய நட்சத்திரம் ஃபாரஸ்ட் கிரெக். அணியில் பெரும்பாலும் புதுப் பையன்கள். அந்த ஆண்டு ஹூஸ்டனிடம் 95-21 என்று தோற்றார்கள். இரண்டு சீசனில் 3 வெற்றி, 19 தோல்வி. அந்த எண்ணை வைத்து அவரை யாரும் எடை போடுவதில்லை, போடவும் கூடாது.

ஆனால் இந்தச் சலுகை ஆட்டத்தின் எல்லாப் பகுதிக்கும் ஒரே அளவில் கிடையாது. ஆஃபன்சிவ் லைனில் (எதிரணியை முட்டித் தடுத்து நம் பந்துக்கு வழி விடும் முன்வரிசை) நிற்கிற பையன் உடம்பு தேறி, ஆட்டம் பழகி, கல்லூரித் தரத்துக்கு வர இரண்டு மூன்று வருடம் ஆகும். பழைய கோச் அங்கே ஆள் சேர்க்காமல் போயிருந்தால் புதியவர் இரண்டு சீசன் அடி வாங்கத்தான் செய்வார். பண்ட் அடிக்கும்போது (பந்தை எதிரணிக்குத் தூரமாக உதைத்துக் கொடுப்பது) பந்து எந்தப் பக்கம் போகவேண்டும் என்று பதினொரு பேருக்கும் தெரிந்திருப்பதற்கு அத்தனை நாள் வேண்டாம். ஆகஸ்ட் பயிற்சியிலேயே முடிய வேண்டிய வேலை அது.

எந்த வகைத் தோல்வி. 8 புள்ளிக்குள் முடிகிற ஆட்டத்தை ஒரு-ஸ்கோர் ஆட்டம் என்பார்கள். ஒரு டச்டவுனும் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது, 6 புள்ளி) அதன்மேல் 2 புள்ளியும் சேர்ந்தால் எட்டிப் பிடித்துவிடலாம். ஒரே சீசனில் இப்படி நாலைந்து ஆட்டம் கைநழுவினால் அதைப் பெரும்பாலும் கெட்ட நேரம் என்று சொல்லலாம், அடுத்த வருடம் சரியாகிவிடும். நாலு வருடமும் அப்படியே நழுவினால் அது நேரம் இல்லை, பழக்கம்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது. காரணமில்லாமல் நீக்கினால் தரவேண்டிய தொகைக்குப் பெயர் பைஅவுட். மூன்று விஷயம் பார்க்கவேண்டும். மொத்தம் எவ்வளவு, எந்தத் தேதியில் குறைகிறது, அவர் வேறு வேலை தேடிக்கொண்டால் அந்தச் சம்பளம் இதில் கழியுமா. மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை. கோடிகள் மிஞ்சுவது அங்கேதான்.

காலண்டர். பள்ளி மாணவர்கள் கையெழுத்திடும் நாள் இப்போது டிசம்பர் முதல் வாரத்தில். கோச் மாறினால் ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரிக்குத் தாவ டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் பட்டியல்) தனி அவகாசம் திறக்கும். நவம்பர் கடைசிவரை முடிவைத் தள்ளிப் போடுகிற கல்லூரி, புது கோச்சையும் புது ஆட்டக்காரர்களையும் ஒரே வாரத்தில் தேடி ஓடவேண்டியிருக்கும். செப்டம்பரிலேயே ஆளை நீக்குவதைப் பார்த்து ‘என்ன அவசரம்’ என்று கேட்கிறோமே, பெரும்பாலும் இதுதான் அவசரம்.

பையன்களை எப்படி நடத்தினார். இது அளவுகோல் இல்லை, வாசல். இதைத் தாண்டாதவருக்கு மற்ற நான்கையும் பார்க்கவே வேண்டாம்.

| வழி | எப்போது பொருந்தும் | கண்ணுக்குத் தெரியாத செலவு | முன்பு நடந்தது |
|---|---|---|---|
| இரக்கமும் அவகாசமும் | சிதிலமான அணி கையில் வந்தது, இரண்டு மூன்று வருடம்தான் ஆகிறது | நல்ல ஆட்டக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள் | பீமர், ஸ்னைடர், ஃபெரன்ட்ஸ் |
| இரக்கம் உண்டு, அவகாசம் இல்லை | ஆள் நல்லவர், அதே தவறு வருடாவருடம் | பைஅவுட். அடுத்தவர் இன்னும் மோசமாகலாம் | ஃப்ராஸ்ட், டாம் ஆலன், ரான் சூக் |
| இரக்கம் இல்லை, அவகாசம் உண்டு | பைஅவுட் தாங்காது, அல்லது முன்பு ஜெயித்துக் காட்டியவர் | ஒரு வருடம் அரைமனதாகப் போகும் | ஹார்பா, நார்வெல் |
| இரண்டும் இல்லை | வாசலைத் தாண்டாதவர். வாரிக் கொடுத்தும் தேறாதவர் | கோபம் பையன்கள்மேல் பாயும் | மேரிலாண்ட் 2018, ஜிம்போ ஃபிஷர் |

## இரக்கமும் அவகாசமும்

பொறுமைக்கு ஆதாரம் காட்டச் சொன்னால் எல்லோரும் முதலில் எடுத்து நீட்டுவது வர்ஜீனியா டெக். ஃபிராங்க் பீமர் 1987-ல் அங்கே வந்தார், அங்கேயே படித்தவர். முந்தையவர் காலத்து விதிமீறலுக்காக ஸ்காலர்ஷிப் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார்கள்; அந்தத் தண்டனை இவர் தலையில் விழுந்தது. முதல் ஆறு வருடத்தில் 24 வெற்றி, 40 தோல்வி, 2 சமன். ஆறாவது வருடமான 1992-ல் 2-8-1 (வெற்றி-தோல்வி-சமன்). இன்றைக்கு அந்த ஆறாவது வருடத்தை எவரும் முடித்திருக்கவே முடியாது. கல்லூரி அவரை வைத்துக்கொண்டது. ஆனால் உதவிப் பயிற்சியாளர்களில் சிலர் மாறினார்கள், தடுப்பாட்டமும் மாறியது. அடுத்த வருடம் 9-3. 1993 தொடங்கி 2015-ல் அவர் ஓய்வு பெறும்வரை தொடர்ந்து 23 வருடம் அணி பௌல் ஆட்டத்துக்கு (நன்றாக ஆடிய அணிகளுக்கு சீசன் முடிவில் கிடைக்கும் ஆட்டம்) போனது. 1999 சீசனில் தேசியப் பட்டத்துக்கான ஆட்டம்வரை போய் ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 46-29 என்று தோற்றது.

பில் ஸ்னைடர் வருவதற்கு முந்தைய இரண்டு சீசனில் கேன்சஸ் ஸ்டேட் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அவர் முதல் வருடம் 1-10, அடுத்தது 5-6, அதற்கடுத்தது 7-4. அயோவாவில் கர்க் ஃபெரன்ட்ஸ் 1999-ல் 1-10, பிறகு 3-9, 7-5, 11-2. 2025 சீசனிலும் அங்கே அவர்தான் கோச்.

இந்த வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். ஸ்னைடரும் ஃபெரன்ட்ஸும் வருடாவருடம் ஏறுகிறார்கள். பீமர் ஏறவில்லை, நடுவில் 6-4-1 வரை போய் மறுபடி பள்ளத்தில் விழுந்தார். பீமரைக் காட்டி எல்லோருக்கும் பொறுமை கேட்பது லாட்டரியில் விழுந்தவரைக் காட்டி எல்லோரையும் சீட்டு வாங்கச் சொல்வதுபோல. ஸ்னைடரைக் காட்டிக் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

அதற்கும் மேல் ஒன்று. பீமர் காலத்தில் ஆட்டக்காரன் வேறு கல்லூரிக்கு மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்காரவேண்டும். அதனால் தோற்கிற அணியிலும் பையன்கள் இருந்தார்கள், வளர்ந்தார்கள், நாலாவது வருடம் ஜெயித்தார்கள். 2018 அக்டோபரில் போர்ட்டல் வந்தது. 2021-ல் முதல் மாற்றத்துக்கு உட்காரத் தேவையில்லை என்றானது. 2024-ல் படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றானது. 3-9 போன அணியின் நல்ல குவார்ட்டர்பேக்குக்கு (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) ஜனவரியில் நான்கு கல்லூரியிலிருந்து அழைப்பு வரும், பணத்தோடு. முன்பு அவகாசம் கொடுத்தால் அணி முதிர்ந்தது. இப்போது கொடுத்தால் கரையவும் செய்கிறது. ஆகவே இந்த வழியை எடுப்பதானால் இரண்டாவது சீசன் முடிவில் ஒன்றைப் பாருங்கள். போர்ட்டலில் கிளம்பியவர்கள் பெஞ்சில் இருந்தவர்களா, முதல் வரிசையில் ஆடினவர்களா? பெஞ்ச் என்றால் கவலையில்லை. முதல் வரிசை கிளம்புகிறது என்றால், உள்ளே இருப்பவர்களே நம்பிக்கை விட்டுவிட்டார்கள். வெளியே நாம் மட்டும் பொறுமை காத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

## இரக்கம் உண்டு, அவகாசம் இல்லை

ரசிகர்கள் உண்மையிலேயே தவிப்பது இங்கேதான். இதற்கு நெப்ராஸ்காவைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

ஸ்காட் ஃப்ராஸ்ட் அந்த மாநிலத்துப் பிள்ளை. 1997-ல் நெப்ராஸ்கா பட்டத்தைப் பகிர்ந்துகொண்டபோது குவார்ட்டர்பேக். 2017-ல் சென்ட்ரல் ஃப்ளோரிடாவைத் தோல்வியே இல்லாமல் 13-0 வரை கொண்டுபோனார். அந்த டிசம்பரில் ஏழு வருடத்துக்கு 3.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஊர் திரும்பினார். கோயில் தேருக்கு வடம் பிடிக்கிற மாதிரி மாநிலமே கூடி வரவேற்றது. முதல் ஆறு ஆட்டமும் தோல்வி. 4-8, 5-7, கொரோனா வருடத்தில் 3-5, பிறகு 3-9.

அந்த 3-9 சீசன், 2021, ஒரு விசித்திரம். ஒன்பது தோல்வியும் ஒற்றை இலக்க வித்தியாசத்தில். சீசன் முழுக்கக் கூட்டினால் எதிரணிகளைவிட நெப்ராஸ்கா 63 புள்ளி அதிகம் எடுத்திருந்தது. ‘பாவம், அதிர்ஷ்டம் இல்லை’ என்று சொல்லத் தோன்றும். அதில் ஓர் ஆட்டத்தை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். செப்டம்பர் 25, மிச்சிகன் ஸ்டேட் மைதானம். நெப்ராஸ்கா 20-13 முன்னிலை, நாலு நிமிடத்துக்கும் குறைவாக மீதி. பண்ட் அடிக்கவேண்டும். தடுப்பவர்கள் ஒரு பக்கம் ஓடுகிறார்கள், பந்து மறுபக்கம் போகிறது. பந்தைப் பிடித்த ஜேடன் ரீடுக்கு முன்னால் வெட்டவெளி. 62 யார்டு ஓடி டச்டவுன். கூடுதல் நேரத்தில் 23-20 தோல்வி. இதில் அதிர்ஷ்டம் எங்கே வந்தது? அடிப்பவனும் ஓடுபவர்களும் ஒரே திசையை மனதில் வைத்திருக்கவில்லை. இப்படிப்பட்டவற்றைக் கூட்டித்தான் ஃப்ராஸ்ட் காலத்து ஒரு-ஸ்கோர் ஆட்டக் கணக்கு 5 வெற்றி, 22 தோல்வி என்று வந்து நின்றது.

2021 நவம்பரில் கல்லூரி அவருக்கு இன்னொரு வருடம் கொடுத்தது. கொடுத்த விதம் கவனிக்கத்தக்கது: சம்பளம் 50 லட்சம் டாலரிலிருந்து 40 லட்சம், பைஅவுட் 2022 அக்டோபர் 1 முதல் 1.5 கோடியிலிருந்து 75 லட்சமாகப் பாதியாகும். உதவிப் பயிற்சியாளர்கள் நான்கு பேரை அதே வாரத்தில் அனுப்பிவிட்டார்கள். இரக்கம் தலைவருக்கு, விலை கீழே இருந்தவர்களுக்கு.

2022-ன் முதல் ஆட்டம் டப்ளினில், நார்த்வெஸ்டர்னோடு. மூன்றாம் கால்பகுதியில் 28-17 முன்னிலை. கையில் 11 புள்ளி இருக்கும்போது யாரும் எதிர்பாராத ஆன்சைடு கிக் (பந்தைத் தாங்களே திரும்பப் பிடிக்கப் பார்த்துக் கிட்டத்தில் உதைப்பது) அடிக்கச் சொன்னார் ஃப்ராஸ்ட். பந்து நார்த்வெஸ்டர்ன் கையில் போனது, அங்கிருந்து ஆட்டமே திரும்பியது, 31-28 தோல்வி. இரண்டு வாரம் கழித்து நெப்ராஸ்காவின் சொந்த மைதானத்திலேயே ஜார்ஜியா சதர்ன் 642 யார்டு முன்னேறி 45-42 என்று ஜெயித்தது. மறுநாள், செப்டம்பர் 11, அவரை நீக்கினார்கள். அக்டோபர் 1-க்கு முன் மிச்சம் இருந்தது ஒரே ஓர் ஆட்டம், ஓக்லஹோமாவோடு. மூன்று வாரம் பொறுத்திருந்தால் 75 லட்சம் டாலர் மிச்சம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள். இது அளக்காமல் போட்டது. அவகாசம் தருவதில்லை என்று முடிவெடுத்துவிட்டாலும் தேதியைப் பார்க்கத்தான் வேண்டும். முந்தின நவம்பரில் செய்திருந்தால் ஒரு சீசனாவது மிஞ்சியிருக்கும்.

ஃப்ராஸ்ட் மொத்தம் 16-31. அவர்மேல் இரக்கம் வராமலிருந்தால் அது நமக்குத்தான் குறை. சொந்த ஊருக்கு வந்து, சொந்த ஊர்க்காரர் முன்னாலேயே தோற்பது சாதாரண வேதனையில்லை. அந்த இரக்கம் 2021-ல் ஒரு வருட ஒப்பந்தமாக மாறியதுதான் தப்பு.

இதன் மறுபக்கம் இண்டியானா. டாம் ஆலன், அவரும் அந்த மாநிலத்துக்காரர், பையன்களிடம் அன்பு காட்டுவதையே அணியின் கொள்கையாக வைத்திருந்தவர். 2020-ல் 6-2. அந்த மகிழ்ச்சியில் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். பிறகு 2-10, 4-8, 3-9. 2023 நவம்பரில் அனுப்பியபோது பைஅவுட் 2 கோடி டாலருக்கு மேல், பேசி 1.55 கோடிக்கு முடித்தார்கள். ஆலனைத் திட்டி அனுப்பியவர்கள் குறைவு. அடுத்து வந்த கர்ட் சிக்னெட்டி தன் பழைய கல்லூரியான ஜேம்ஸ் மேடிசனிலிருந்து 13 ஆட்டக்காரர்களைக் கூடவே கூட்டி வந்தார். 2024-ல் 11-2, பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்று. 2025 சீசனில் 16-0, தேசியப் பட்டம். அதற்கு இரண்டு வருடம் முன்பு ‘கட்டியெழுப்ப ஐந்து வருடம் வேண்டும்’ என்று சொல்லியிருந்தால் எல்லோரும் தலையாட்டியிருப்போம். போர்ட்டல் நல்ல அணியைக் கரைக்கிற வேகத்திலேயே காலி அணியை நிரப்பவும் செய்யும்.

ஆனால் நீக்கினால் எல்லாம் இண்டியானா ஆகிவிடாது. நெப்ராஸ்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2003-ல் ஃபிராங்க் சோலிச்சை 9-3-ல் அனுப்பினார்கள். 2014-ல் போ பெலினியை 9-3-ல் அனுப்பினார்கள். ஏழு சீசனிலும் 9 வெற்றிக்குக் குறையாதவர். அவருக்கு அடுத்து வந்த மைக் ரைலி மூன்று வருடத்தில் 19-19, அதன்பிறகுதான் ஃப்ராஸ்ட். ஒன்பது வெற்றி போதாது என்று ஆளை மாற்றி, கடைசியில் மூன்று வெற்றியில் வந்து நின்றார்கள்.

இன்னொரு நுணுக்கம், ரான் சூக். 2002-ல் ஃப்ளோரிடா அவரை நியமித்த மறுநாளுக்குள்ளேயே அவரை நீக்கக் கோரி ரசிகர் ஒருவர் இணையதளம் தொடங்கிவிட்டார். இரக்கத்துக்கு வாய்ப்பே தராத ஊர்! 2004 அக்டோபரில் மிசிசிப்பி ஸ்டேட்டிடம் 38-31 தோற்றதும் நீக்கினார்கள், மொத்தம் 23-14. ஆட்ட நாளில் சொதப்பினாலும் ஆள் பிடிப்பதில் சூக் கெட்டிக்காரர். 2006 சீசனில் அர்பன் மையர் கீழே ஃப்ளோரிடா பட்டம் வென்றபோது, ஒஹாயோ ஸ்டேட்டை 41-14 என்று அடித்த அந்த அணியின் முதல் வரிசையில் பெரும்பாலோர் சூக் கொண்டுவந்தவர்கள். அவரை நீக்கியது தப்பில்லை. அவரை வெறுத்ததற்குத்தான் காரணம் போதாது.

## இரக்கம் இல்லை, அவகாசம் உண்டு

பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பது. யாருக்கும் பிடிக்காத வழி. கஜானாவைப் பார்த்தால் பல சமயம் மிஞ்சுவது இதுதான்.

ஃப்ளோரிடா ஸ்டேட்டின் மைக் நார்வெல் 2023-ல் 13-1. 2024 ஜனவரியில் அலபாமாவில் கோச் நிக் சேபன் ஓய்வு பெற, நார்வெலை அங்கே கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயத்தில் எட்டு வருட ஒப்பந்தம் போட்டார்கள். அந்த வருடமே 2-10. நீக்கினால் 6 கோடி டாலருக்கும் மேல். அவர் தன் 2025 சம்பளத்திலிருந்து 45 லட்சத்தைக் கல்லூரிக்கே திருப்பித் தர ஒப்புக்கொண்டார். 2025-ல் 5-7, மறுபடியும் வைத்துக்கொண்டார்கள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்.

இந்தச் செலவு தோற்கும்போது வருவதில்லை, ஜெயிக்கும்போது எழுதப்படுகிறது. நோட்டர் டேமில் சார்லி வைஸ் 2005-ல் தன் முதல் சீசனே முடியாத நிலையில் பத்து வருட ஒப்பந்தம் வாங்கினார். 2009-ல் 35-27 கணக்கோடு போனார். அடுத்த ஆறேழு வருடம் கல்லூரி அவருக்குக் கொடுத்தது மொத்தம் 1.9 கோடி டாலருக்குப் பக்கம். கோச் ஜெயித்த நவம்பரில் ‘அவரை விட்டுவிடாதே’ என்று கத்துகிற ரசிகர்கள், அந்தக் கத்தலுக்கும் இதில் பங்கு உண்டு என்பதைப் பிற்பாடு மறந்துவிடுகிறார்கள்.

சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு மிச்சிகன் 2021. ஜிம் ஹார்பா 2020-ல் 2-4. ஒஹாயோ ஸ்டேட்டை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. நீக்கவில்லை, அடிப்படைச் சம்பளத்தை ஏறக்குறைய 80 லட்சத்திலிருந்து 40 லட்சமாக வெட்டி, மீதியை வெற்றியோடு கட்டிப் போட்டார்கள். அந்த வருடமே ஒஹாயோ ஸ்டேட்டை 42-27 என்று அடித்தார். 2023-ல் 15-0, பட்டம். (எதிரணியின் சைகைகளை வேவு பார்த்த விவகாரம் அந்தப் பட்டத்தோடு ஒட்டிக்கொண்டே வரும், அது தனிக் கட்டுரை.) ஹார்பா அதற்குமுன் ஒரே சீசனில் பத்து வெற்றி என்று சிலமுறை காட்டியிருந்தார். நெப்ராஸ்காவில் ஃப்ராஸ்ட் ஒரு சீசனிலும் 5 வெற்றியைத் தாண்டவில்லை. சம்பளத்தை வெட்டி வைத்துக்கொள்வது இருவருக்கும் செய்யப்பட்டது. ஏற்கெனவே கட்டிக் காட்டியவரிடம்தான் பலித்தது.

## இரண்டும் இல்லை

மேரிலாண்டில் 2018 கோடையில் பயிற்சியின்போது வெப்பம் தாக்கி ஓர் ஆட்டக்காரர் இறந்தார். அந்த அக்டோபர் கடைசியில் கோச்சை நீக்கினார்கள். அங்கே வெற்றி தோல்விக் கணக்கு எடுப்பதே அசிங்கம்.

மற்றபடி இந்த வழிக்கு வருகிறவர்கள் சம்பளத்தைக் காரணம் காட்டுவார்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஜிம்போ ஃபிஷரைப் பத்து வருடத்துக்கு 7.5 கோடி டாலருக்கு எடுத்தது, 2021-ல் அதை 2031 வரை நீட்டியது. 2022-ல் அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் சொந்த ஊரில் 17-14 தோல்வி, சீசன் 5-7. 2023 நவம்பரில், 51-10 என்று ஜெயித்த மறுநாள், நீக்கினார்கள். பைஅவுட் 7.6 கோடிப் பக்கம்: 1.9 கோடி 60 நாளுக்குள், மீதி 2031 வரை ஆண்டுக்கு 70 லட்சத்துக்குச் சற்று மேல். வேறு வேலை கிடைத்தாலும் கழிவு இல்லை.

கழிவு இருந்தால் எப்படியிருக்கும்? பென் ஸ்டேட் 2025 அக்டோபரில் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியபோது பொறுப்பு ஏறக்குறைய 4.9 கோடி. ஒரு மாதத்தில் அவர் வர்ஜீனியா டெக்கில் சேர, 90 லட்சத்தில் கணக்கு தீர்ந்தது. ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம் இருப்பதும் இல்லாததும் இவ்வளவு வித்தியாசம்.

ஃபிஷருக்காக அழத் தேவையில்லை, சரி. ஆனால் இந்த வழிக்கு ஒரு மறைமுக வரி உண்டு. மைதானத்தில் எண்பதாயிரம் பேர் ஊளையிடும்போது அது கோச்சுக்கு என்று சொல்கிற பலகை எதுவும் இல்லை. அதைக் கேட்பது பந்தைத் தவறவிட்ட பத்தொன்பது வயசுப் பையன், பக்கத்தில் மகனை அணியில் சேர்க்கலாமா என்று பார்க்க வந்திருக்கும் ஒரு குடும்பம். கோபத்தைக் காட்ட வேறு இடம் இருக்கிறது: டிக்கெட் புதுப்பிப்பு, நன்கொடை. டிக்கெட் விற்ற எண்ணிக்கையைவிட வாசலில் ஸ்கேன் ஆன எண்ணிக்கையைத்தான் அத்லெடிக் டைரக்டர் (கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தலைவர்) கவலையோடு பார்ப்பார். காலி நாற்காலி யாரையும் அவமானப்படுத்தாது, ஆனால் கணக்கில் ஏறும்.

## இந்த வாரமே முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு

முதல் நான்கு ஆட்டத்துக்குப் பிறகு ஒரு தாளில் இவற்றைக் குறியுங்கள். 8 புள்ளிக்குள் முடிந்த தோல்விகள் எத்தனை. அவற்றில் பண்ட், கிக், டைம்அவுட் முடிந்து வந்தபின்னும் தாமதத்துக்கு வாங்கிய அபராதம் என்று பயிற்சியில் தீர்ந்திருக்கவேண்டிய தவறுகள் எத்தனை. இரண்டாம் பாதியில் மட்டும் புள்ளி வித்தியாசம் என்ன. போன வருடத்துத் தாளையும் பக்கத்தில் வையுங்கள். ஆஃபன்சிவ் லைன் அடி வாங்குகிறது, மற்றதெல்லாம் ஒழுங்கு என்றால் முதல் வழி. அதே பண்ட் தவறு, அதே நாலாம் கால்பகுதிச் சரிவு என்றால் இரண்டாவது. பைஅவுட் 3 கோடிக்கு மேல், குறையும் தேதி பக்கத்தில் என்றால் மூன்றாவதை ஒரு மாதமாவது யோசியுங்கள். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் வருட உச்சவரம்பு 2.05 கோடி டாலர். பழைய கோச்சுக்குப் போகும் தொகையும் இந்தத் தொகையும் பெரும்பாலும் ஒரே நன்கொடையாளர் பையிலிருந்துதான் வரவேண்டும்.

மிச்சமிருக்கிற இரக்கத்தை என்ன செய்வது? தலைமைக் கோச் போகும்போது அவர்கூடக் கிளம்புகிற உதவிப் பயிற்சியாளர்கள், வீடியோ வெட்டுகிறவர்கள், உடற்பயிற்சி சொல்லித் தருகிறவர்கள் பக்கம் திருப்பலாம். இவர்களில் பலருக்கு ஒப்பந்தமே ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. ஏழு எட்டு வருடத்தில் நாலு ஊர் மாறியவர்கள் சர்வசாதாரணம். செய்தியில் பைஅவுட் தொகை மட்டும் வரும், இவர்கள் பெயர் வராது. நெப்ராஸ்காவில் 2021 நவம்பரில் போன அந்த நான்கு பேருக்குப் பத்து மாதம் கழித்துத்தான், பைஅவுட் முழுவதையும் வாங்கிக்கொண்டு, ஃப்ராஸ்ட் போனார். 2024 டிசம்பரில் சென்ட்ரல் ஃப்ளோரிடா அவரை மறுபடி கோச்சாக எடுத்துக்கொண்டது.